மொட்டு ஏற்கெனவே இருந்தது: அறைக்குள் வளர்த்த குட்டைத் தக்காளியின் பருவத்தைத் தவறாகப் படித்த ஒரு நிகழ்வு

## பின்னணி

ஜன்னல் இல்லாத ஒரு சின்ன சாமான் அறை. அதில் ஓர் இரும்பு ரேக், இரண்டு வெள்ளை எல்இடி பலகைகள், ஒரு டைமர். அமைத்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். கூட இருந்து செடியைப் பார்த்துக்கொண்டவர் அவனுடைய அத்தை, வெளியில் மண்ணில் பல வருடம் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் வளர்த்துக் கை பழகியவர். பையன் தினமும் நோட்டில் எழுதுவான், எல்லாவற்றுக்கும் எண் வேண்டும் அவனுக்கு. அத்தை எதையும் எழுதமாட்டார், இலையைத் திருப்பிப் பார்த்து முடிவு சொல்வார். இரண்டு பேருமே அக்கறையானவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலட்சியத்தால் இங்கே எதுவும் கெடவில்லை. செடி எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதை இருவரும் ஆளுக்கொரு விதமாகத் தவறாகப் படித்தார்கள், அதை வைத்து எடுத்த முடிவுகளும் தவறாகப் போயின.

செடி மைக்ரோ-டாம் என்கிற குட்டைத் தக்காளி. புளோரிடா பல்கலைக்கழகத்தில் தொட்டியில் வைக்கும் அலங்காரச் செடியாக உருவாக்கி 1989-ல் வெளியிட்ட ரகம். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடும். சீக்கிரம் பூத்துக் காய்ப்பதாலும் இடம் குறைவாகப் பிடிப்பதாலும் ஆய்வுக்கூடங்களிலும் இதைத்தான் அதிகம் வளர்க்கிறார்கள். விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் பழம் பார்த்துவிடலாம்.

இந்த நிகழ்வு புரிய ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1920-ல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு புகையிலை ரகத்தை வைத்து, சில செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கின்றன என்று காட்டினார்கள். மேரிலாண்ட் மம்மத் என்ற அந்தப் புகையிலை நீண்ட பகல் உள்ள கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும், பகல் சுருங்கினால் பூக்கும். செவ்வந்தியும் அப்படித்தான், அதனால்தான் விளக்கு வைத்து அதன் பூவைத் தள்ளிப்போட முடிகிறது. தக்காளி வேறு கூட்டம், பகல் நடுநிலைச் செடி. பகல் நீண்டாலும் சுருங்கினாலும் அதன் போக்கில் இத்தனை இலை விட்டபின் முதல் பூங்கொத்து என்று போய்க்கொண்டிருக்கும். சாதாரணத் தக்காளியில் பெரும்பாலும் 6 முதல் 11 இலைக்குப் பிறகு முதல் கொத்து வரும், இந்தக் குட்டையில் ஏறக்குறைய 7. நாற்றில் இரண்டு மூன்று இலை மட்டும் வெளியே தெரியும்போதே உள்ளே நுனியில் பூவுக்கான முடிவு நடந்துவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் பருவம் செடிக்குள் நடப்பதைவிட எப்போதும் பின்தங்கியே இருக்கும்.

பகல் சுருங்கினால் பூக்கும் செடியில் ஏதாவது தவறினால் விளக்கை நீட்டிச் செடியைத் தேற்றிவிட்டு அப்புறம் பூக்க விடலாம். தானாகப் பூக்கும் செடியில் அந்த வசதி இல்லை, அது காத்திருக்காது.

## விதைத்ததிலிருந்து 20-ஆம் நாள் வரை

பத்து விதை போட்டார்கள். ஆறாம் நாள் ஆறு முளைத்தன, பதினோராம் நாள் இன்னும் இரண்டு. மற்ற இரண்டும் வரவே இல்லை. பையன் நோட்டில் எட்டுச் செடிக்கும் ஒரே நாள் கணக்கு, விதைத்த நாள் பூஜ்யம். பிந்தி வந்த இரண்டுக்கும் அதே கணக்குதான். ஐந்து நாள் வித்தியாசம் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, எனக்கே அப்போது சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். பிறகு இந்த ஐந்து நாள்தான் குழப்பத்தை அவிழ்த்தது.

விளக்கு 18 மணி நேரம். முளைவிட்டதும் ஒல்லியாக, நீளமாக, நுனி கூராக இரண்டு வித்திலைகள், அதற்கு நடுவில் ஓரம் வெட்டுவெட்டாக முதல் உண்மையான இலை. வித்திலையைச் செடியின் இலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, பையனுக்கு அது தெரிந்திருந்தது, சரியாகவே விட்டிருந்தான்.

மூன்றாவது இலை வந்தபோது முதல் சிக்கல். இலை கரும்பச்சையாக, மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகச் சுருங்கி, கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்ததுபோல இருந்தன. அத்தை பார்த்ததும் சொல்லிவிட்டார், "இது இலைச்சுருட்டைடா, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் பரவும், பிடுங்கிப் போடு." தோட்டத்தில் வெள்ளை ஈ வந்து ஒரு பாத்தியே போனதைப் பார்த்தவர், அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. பையன், "அத்தை, எல்லாச் செடியும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று சொல்லிப் பார்த்தான். அவன் சொன்னது மிகச் சரியான கேள்வி, ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. 17-ஆம் நாள் இருப்பதிலேயே அதிகம் சுருங்கியிருந்த ஒரு செடியைப் பிடுங்கினார்கள், முந்தி முளைத்த ஆறில் ஒன்று. மீதி ஏழு.

அந்தச் சுருக்கம் இந்த ரகத்தின் இயல்பு. குட்டையாக்கும் மரபணு மாற்றமே இலையைக் கரும்பச்சையாகவும் சுருக்கமாகவும் ஆக்குகிறது. இலைச்சுருட்டை வைரஸ் என்றால் புது இலையின் ஓரம் மேல்நோக்கிக் கிண்ணம்போல மடியும், மஞ்சளடிக்கும், நன்றாக வளர்ந்துகொண்டிருந்த செடி ஒருநாள் திடீரென்று குறுகும். இங்கே மஞ்சள் இல்லை, ஈ இல்லை, எல்லாச் செடியும் முதல் இலையிலிருந்தே அப்படித்தான். ஆரோக்கியமான செடியின் பருவத் தோற்றத்தை முதலில் தெரிந்துவைத்திருந்தால் அந்த ஒன்று பிழைத்திருக்கும்.

## 20 முதல் 36 வரை: தப்பான எண்

இந்தக் கட்டம்தான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

நோட்டில் 26-ஆம் நாள் பக்கத்தில் "இலை 19, மொட்டு இல்லை" என்று இருக்கிறது. 29-ஆம் நாள் "இலை 24, மொட்டு இல்லை". பையன் எங்கேயோ படித்திருந்தான், ஏழெட்டு இலையில் பூ வரும் என்று. 24 இலை வந்தும் பூ இல்லை என்றால் செடி வளர்ச்சிப் பருவத்திலேயே சிக்கிக்கொண்டது என்றுதானே தோன்றும்? அவன் எண்ணியது இலை அல்ல, சிற்றிலை. தக்காளி இலை கூட்டிலை. ஒரே காம்பில் மூன்று, ஐந்து என்று சின்னச் சின்ன இலைகள் தொங்கும், அத்தனையும் சேர்ந்து ஓர் இலை. பிரித்துப் பார்க்கும் வழி எளிது: காம்பு தண்டோடு சேரும் இடத்தில் விரல் நகத்தால் லேசாக விலக்கிப் பார்த்தால் ஒரு மொட்டுக் கண் இருக்கும், பக்கக் கிளை அங்கிருந்துதான் வரும். கண் இருந்தால் அது ஓர் இலையின் அடி. சிற்றிலையின் அடியில் கண் இருக்காது. அப்படி எண்ணினால் 29-ஆம் நாள் அந்தச் செடிகளில் இருந்தது ஏழு, எட்டு இலைதான்.

30-ஆம் நாள் பையன் டைமரை 18-லிருந்து 12-க்கு மாற்றினான். பூக்க வைக்க வேண்டுமென்றால் பகலைக் குறைக்க வேண்டும் என்று அவன் படித்த குறிப்பு செவ்வந்தி போன்ற குறும்பகல் செடிகளுக்கானது. குறிப்பு சரி, செடிதான் வேறு. அத்தைக்கு இதில் சந்தேகம் இருந்தது, "தக்காளிக்கு வெயிலைக் குறைச்சா எப்படிடா பூக்கும்?" என்று கேட்டிருக்கிறார். ஆனால் விளக்கு விஷயம் தனக்குத் தெரியாது என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

37, 38, 39-ஆம் நாட்களில் ஐந்து செடி பூத்தது. பையனுக்கு ஒரே சந்தோஷம், நோட்டில் சிவப்பு மையில் "12 மணி நேரம் வேலை செய்கிறது" என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தான். மீதி இரண்டு செடி 42-லும் 44-லும் பூத்தன. அதற்கு நோட்டில் விளக்கம் எதுவும் இல்லை.

இடையில் அத்தை ஒரு வேலை செய்திருந்தார். தோட்டத்துத் தக்காளிக்குச் செய்வதுபோல, முந்தி வளர்ந்த இரண்டு செடியில் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டார். உயரமாக ஏறிக்கொண்டே போகும் ரகத்துக்கு அது சரியான கவனிப்பு. இந்தக் குட்டை ரகத்திலோ நுனி ஒரு பூங்கொத்தோடு முடிந்துவிடும், அடுத்தடுத்த கொத்துகள் பக்கக் கிளையில்தான் வர வேண்டும். அதைக் கிள்ளினால் காய்க்க இடமே இல்லை.

## 40 முதல் 51 வரை: பூ உதிர்ந்தது, விளக்கு அணையவே இல்லை

41-ஆம் நாளிலிருந்து பூ உதிர ஆரம்பித்தது. தக்காளிப் பூக்காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். காய் பிடிக்காத பூ அந்த முடிச்சில் மஞ்சளடித்து, தொட்டால் பட்டென்று கழன்றுவிடும். தினமும் காலையில் தொட்டியைச் சுற்றி நாலைந்து கிடந்ததாகச் சொன்னார்கள்.

பையனின் யோசனை: பூக்க வைத்தாயிற்று, இப்போது செடிக்குச் சக்தி போதவில்லை, அதனால் வெளிச்சத்தைக் கூட்டலாம். வெளிச்சம் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் 44-ஆம் நாள் டைமரையே கழற்றிவிட்டு 24 மணி நேரமும் எரிய விட்டான். 50-ஆம் நாள் வாக்கில் மேல் இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடையில் வெளிறிய மஞ்சள் திட்டுகள். மக்னீசியம் குறைபாடு என்று நினைத்து எப்சம் உப்பு கரைத்து ஊற்றினார்கள், இரண்டு தடவை. அத்தை அதற்கு முன்பே தழைச்சத்து அதிகம் உள்ள உரத்தை ஒருமுறை கூடுதலாக விட்டிருந்தார்.

52-ஆம் நாள் பையன் என்னைக் கூப்பிட்டான்.

## நான் பார்த்தது

முதலில் இலைகளைப் பார்த்தேன். மக்னீசியம் போதாவிட்டால் மஞ்சள் கீழே உள்ள பழைய இலையில் தொடங்கி மேலே ஏறும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். இங்கே அடி இலை நன்றாக இருந்தது, விளக்குக்கு நேராக நின்ற மேல் இலைகளில்தான் திட்டு. ஓர் இலையின் மேல் இன்னோர் இலை பாதி படிந்து கிடந்தது. மேல் இலையைத் தூக்கினேன், கீழே நிழல் விழுந்த பகுதி மட்டும் அப்படியே பச்சை, கத்தரித்து வைத்ததுபோல ஓர் எல்லைக்கோடு. அதைப் பார்த்ததும் விளக்கைப் பற்றித்தான் கேட்டேன். தோட்டத் தக்காளி இடைவிடாத வெளிச்சத்தைத் தாங்காது, இலையில் இப்படித் திட்டுத்திட்டாக வெளிறும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். காட்டுத் தக்காளி இனங்கள் சில தாங்கும், அதற்குப் பின்னால் உள்ள ஒரு மரபணுவை 2014-ல் கண்டுபிடித்தார்கள். நம் தொட்டியில் இருப்பதற்கு இருட்டு வேண்டும்.

அப்புறம் நோட்டை வாங்கிப் படித்தேன். சிவப்பு அடிக்கோடு இருந்த பக்கத்தில் நின்றுவிட்டேன். "அண்ணா, 12 மணி நேரம் வச்சதும் ஏழே நாள்ல பூத்துச்சு" என்றான். "எல்லாமா?" என்று கேட்டேன். "இல்ல, ரெண்டு லேட்டு." எந்த இரண்டு? பிந்தி முளைத்த அதே இரண்டு. ஐந்தும் மற்ற இரண்டும் ஒரே அறையில், ஒரே டைமரில், ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மாறியவை. விளக்கு மாற்றம்தான் பூவைக் கொண்டுவந்தது என்றால் ஏழும் சேர்ந்து பூத்திருக்க வேண்டும். ஆனால் அவை முளைத்த வரிசையில் பூத்தன, முளைப்பில் ஐந்து நாள் வித்தியாசம், பூவிலும் கிட்டத்தட்ட அதே ஐந்து நாள். முளைத்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் கணக்கு.

அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, நியாயம்தான். 29-ஆம் நாள் மேலிருந்து எடுத்த படம் அவன் கைப்பேசியில் இருந்தது. அதை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனோம். நடு நுனியில் மூன்று இளம் இலைகள் குவிந்து மூடியிருந்தன, அதன் இடுக்கில் கடுகளவில் பச்சையாக, மேலே வெள்ளை முடி படர்ந்து, நான்கைந்து உருண்டைகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. இளம் இலை தட்டையாக, மடிந்து வரும். இது உருண்டை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அது மொட்டுதான் தம்பி" என்றார். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. விளக்கைக் குறைப்பதற்கு முந்தைய நாளே மொட்டு இருந்திருக்கிறது. உயரச் செடியில் இது பளிச்சென்று தெரியும். குட்டை ரகத்தில் கணு நெருக்கமாக இருப்பதால் இலை மூடிவிடும், பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

அந்த 12 மணி நேர மாற்றம் உதவாதது மட்டுமில்லை, கெடுதலும் செய்தது. இலை மட்டத்தில் வெளிச்சம் சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 250 மைக்ரோமோல் என்று கைப்பேசிச் செயலி காட்டியது, தோராயம்தான். மோல் என்பது இலையில் விழும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு, பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தால் ஒரு மோல். 18 மணி நேரத்தில் நாளுக்கு 16.2 மோல், 12 மணி நேரத்தில் 10.8. பூவும் காயும் வரும் நேரத்தில், அதாவது செடிக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில், சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கவனித்தேன். அறையில் காற்று அசையவே இல்லை, சின்ன விசிறி ஒன்று பெட்டியிலேயே கிடந்தது. ஈரப்பத அளவி 80-க்கு மேல். தக்காளிப் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும், ஆனால் மகரந்தம் கூம்பு மாதிரி மூடிய மகரந்தப்பைக்குள் இருக்கிறது, அது குலுங்கினால்தான் கொட்டும். வெளியில் காற்றும் வண்டும் குலுக்கும், அறைக்குள் யாரும் இல்லை. ஈரம் அதிகமானால் மகரந்தம் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும்.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

விளக்கு 16 மணி நேரம், 8 மணி நேரம் முழு இருட்டு. பலகையை 30 சென்டிமீட்டரிலிருந்து 22-க்கு இறக்கினோம், வெளிச்சம் சுமார் 320 ஆனது, நாளுக்கு 18 மோலுக்குக் கொஞ்சம் மேல். நேரத்தை நீட்டுவதற்குப் பதில் அடர்த்தியைக் கூட்டியதற்குக் காரணம் இலைக்கு இருட்டும் தேவை என்பதுதான். திட்டு விழுந்த இலைகளை வெட்ட வேண்டாம் என்றேன், அத்தைக்கு வெட்ட வேண்டும்போல இருந்தது. பாதி பச்சை இருந்தாலும் அது காய்க்குச் சமைத்துக் கொடுக்கும் இலை.

எப்சம் உப்பை நிறுத்தினோம். ஒருமுறை வெறும் தண்ணீர் நிறைய விட்டு வழிய வைத்தோம், பிறகு தழைச்சத்து குறைந்த, சாம்பல் சத்து கூடிய உரம், அரை அளவில். பக்கக் கிளையை இனி யாரும் தொடுவதில்லை என்று முடிவு.

பூவைக் குலுக்க பேட்டரியில் ஓடும் டூத்பிரஷ். பூவைத் தொடாமல் கொத்தின் காம்பில் பின்பக்கமாக இரண்டு மூன்று நொடி வைக்க வேண்டும். எந்த நேரத்தில் செய்வது என்று பார்க்க ஒரு கறுப்புத் தாளை அடியில் பிடித்தோம். விளக்கு எரியத் தொடங்கியதும் செய்தபோது தாளில் ஒன்றும் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து விசிறியும் ஓடி ஈரம் குறைந்தபின் செய்தபோது வெளிர்மஞ்சளாக மெல்லிய தூசு, ஊதினால் பறக்கும் அளவுக்கு. அதற்குப் பிறகு தினமும் அந்த நேரம்தான். பூவையும் பார்த்துச் செய்ய வேண்டும், இதழ் பின்னால் வளைந்து பளிச்சென்று மஞ்சளாக இருக்கும்போதுதான் பலன், இதழ் வெளிறி முன்னால் சுருண்டுவிட்டால் நேரம் போய்விட்டது.

கடைசியாக, நோட்டின் நாள் கணக்கை நிறுத்தினோம். நாளை எழுதலாம், ஆனால் முடிவு அதை வைத்து எடுக்கக்கூடாது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குச்சியில் சீட்டு ஒட்டி அந்தச் செடியின் பருவத்தை மட்டும் எழுதினோம். பயிர் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பிபிசிஎச் அளவுகோலில் 0 முதல் 9 வரை பத்து முதன்மைப் பருவங்கள் உண்டு, எண்ணின் முதல் இலக்கம் அதைத்தான் காட்டும். அதில் தக்காளிக்கு முதல் பூங்கொத்து கண்ணுக்குத் தெரிவது 51, முதல் பூ விரிவது 61. பையனுக்கு எண் பிடிக்கும் என்பதால் அதையே வைத்துக்கொண்டான். அத்தை தன் சீட்டில் "மொட்டு", "பூ", "பிஞ்சு" என்று எழுதினார். இரண்டும் ஒன்றுதான், அன்றைக்குச் செடியைப் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

## பின்னர் நடந்தது

புது இலைகள் ஒரு வாரத்தில் சுத்தப் பச்சையாக வந்தன. பழைய திட்டுகள் ஆறவில்லை, கடைசிவரை அப்படியே இருந்தன. 58-ஆம் நாள் முதல் பிஞ்சு. காய் பிடித்ததை அடையாளம் காண்பதில் பலருக்குக் குழப்பம் வரும், பூ காய்ந்துபோவதைப் பார்த்து அதுவும் உதிரப்போகிறது என்று நினைப்பார்கள். முடிச்சைப் பார்த்தால் தெரிந்துவிடும். உதிரப்போகும் பூவின் முடிச்சு மஞ்சள், காய் பிடித்த பூவின் காம்பு பச்சையாகத் தடித்து நிற்கும், காய்ந்த இதழ் பிஞ்சின் தலையில் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும். அதை இழுத்துப் பிய்க்க வேண்டாம், தானே விழும்.

பிறகு ஒரு நீண்ட காத்திருப்பு. காய் தன் அளவை எட்டியபின் வெளியில் எதுவும் மாறாமல் பச்சையாகவே நிற்கும், உள்ளே விதை முற்றி, விதையைச் சுற்றிக் கூழ் உருவாகிக்கொண்டிருக்கும். 78-ஆம் நாள் பையன், "அண்ணா, காய் அப்படியே நின்னுடுச்சு, உரம் கூட்டட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். முந்தைய பிழைகள் எல்லாமே இந்த மாதிரி ஒரு நிசப்தமான கட்டத்தில், செடி ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்தபோது நடந்தவைதான்.

91-ஆம் நாள் ஒரு காயின் அடியில், பூ இருந்த நுனியில், வெளிர்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பாக ஒரு சின்னத் திட்டு. நிறம் உடையும் பருவம் என்று இதைச் சொல்வார்கள், காயின் பரப்பில் 10 சதவீதத்துக்குள் நிறம் மாறியிருந்தால் இது. இந்தப் பருவத்திலிருந்து செடியில் இருந்தாலும் பறித்தாலும் பழுத்துவிடும். அத்தை அப்போதே பறிக்கச் சொன்னார், பையன் முழுச் சிவப்புக்குக் காத்திருக்கலாம் என்றான். இரண்டும் சரி. ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அதே சமயத்தில் அடி இலைகள் மஞ்சளடித்தன. இந்த ரகம் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் வகை, காய் பழுக்கும்போது இலை முதிர்வது இயல்பு. இந்தத் தடவை யாரும் எதையும் கரைத்து ஊற்றவில்லை.

ஏழு செடியில் மொத்தம் 39 பழம். பக்கக் கிளை கிள்ளிய இரண்டில் ஒன்று 2, இன்னொன்று 3. மற்ற ஐந்தும் 6 முதல் 8 வரை. விசிறி, குலுக்கல், வெளிச்சம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் காய் பிடித்ததில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இந்தத் தொகுதியை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. முதல் கொத்தின் பூக்கள் எல்லாம் போய்விட்டிருந்தன, காய்த்தவை பிந்தி வந்த கொத்துகள்.

பையனுக்கு 12 மணி நேர விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. 60-ஆம் நாள் புதிதாக நான்கு விதை போட்டு, இரண்டு தட்டில், நடுவில் அட்டை வைத்து, இரண்டு செடிக்கு 16 மணி நேரம், இரண்டுக்கு 12 மணி நேரம் என்று முதல் நாளிலிருந்தே வைத்தான். இந்த முறை முளைத்த நாளிலிருந்து கணக்கு, இலையைக் கண் பார்த்து எண்ணினான். 16 மணி நேரச் செடிகளில் முதல் கொத்துக்குக் கீழே 7, 7 இலை. 12 மணி நேரச் செடிகளில் 7, 8. முதல் பூ விரிந்தது 16-ல் முளைத்து 31, 32-ஆம் நாள், 12-ல் 36, 36. பகல் குறைந்ததால் முந்திப் பூப்பதற்குப் பதில் பிந்திப் பூத்தன. மொத்த வெளிச்சமும் குறைவு என்பதால் அந்தத் தாமதம் பகலின் நீளத்தால் வந்தது என்று சொல்ல முடியாது, செடி மெதுவாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பழம் 16-ல் 19, 22. 12-ல் 11, 9.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முளைத்த நாளைத் தொட்டிக்குத் தொட்டி தனியாக எழுத வேண்டும். மூன்றாவது இலைக்குள் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும் அல்லது முதலிலேயே அதில் விதைத்துவிட வேண்டும். இவர்கள் மாற்றிய நாள் நோட்டில் இல்லை, அதனால் அதைப் பற்றி மேலே எழுதவில்லை. ஆனால் பூவுக்கான முடிவு உள்ளே நடக்கும் நாட்களில் வேரைக் குலைப்பது தானாகப் பூக்கும் எந்தச் செடிக்கும் நல்லதில்லை.

முளைத்து 20 நாள் ஆனதும் இரண்டு நாளுக்கொருமுறை நேர் மேலிருந்து, நடு இலைகளை ஒரு தீக்குச்சியால் மெதுவாக விலக்கி, ஒரு படம் எடுக்க வேண்டும். மொட்டு தெரிந்த நாளிலிருந்தே விசிறி, மொட்டு தெரிந்த நாளிலிருந்தே உர மாற்றம். விதை முதல் பழம் வரை விளக்கு 16 மணி நேரம்தான், டைமரில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை. குறைபாடு என்று சந்தேகம் வந்தால் ஏதாவது ஊற்றுவதற்கு முன்னால் மஞ்சள் மேல் இலையிலா கீழ் இலையிலா என்று பார்க்க வேண்டும், நிழல் பட்ட இடம் எப்படி இருக்கிறது என்றும்.

என் பக்கத்திலும் ஒரு மாற்றம் உண்டு. பையன் 30-ஆம் நாள் வாக்கில் என்னிடம் போனில், "இன்னும் பூ வரல அண்ணா" என்று சொல்லியிருந்தான். நான் "பொறு, வரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நுனியை மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்க வேண்டும், இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

மூன்றாவது தொகுதி போட்டிருக்கிறார்கள், ஆறு தொட்டி. போன வாரம் அத்தை படம் அனுப்பினார். நாலாவது தொட்டியின் நடு நுனி, தீக்குச்சியின் மருந்து முனைக்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக மூன்று பச்சை உருண்டை. குச்சியில் இருந்த சீட்டில் பையனின் எழுத்தில் 51, அதற்குக் கீழே அத்தை எழுத்தில் "மொட்டு".